மாமனார் முதுகில் மூன்று வேளை

நான் நர்ஸ் வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் மூன்று தெர்மாமீட்டர் உடைந்தது. ஒன்று கை தவறி விழுந்தது. ஒன்றை உதறும்போது கட்டில் கம்பியில் அடித்துவிட்டேன். மூன்றாவதை ஒரு பெரியவர் முறுக்கு என்று நினைத்தாரோ என்னவோ, கடித்துவிட்டார். அதுவும் என் தலையில்தான் விழுந்தது.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. திண்டுக்கல்லில், ஜன்னலைத் திறந்தால் மலைக்கோட்டை தெரிகிற ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கே மேட்ரன் அம்மா வைத்ததுதான் சட்டம். நாகர்கோவில் பக்கத்துக்காரர். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, சிரித்து யாரும் பார்த்ததில்லை. மூன்றாவது தெர்மாமீட்டர் உடைந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

"உன்னை வார்டுக்குள்ள வச்சிருந்தா கண்ணாடிச் சாமான் ஒண்ணும் மிஞ்சாது. வெளியே அனுப்பப் போறேன்."

வேலை போய்விட்டது என்று நினைத்து அழ ஆரம்பித்தேன். நான் அழுது முடிக்கும் வரை அவர் பொறுமையாகக் காத்திருந்து, பிறகு விஷயத்தைச் சொன்னார்.

மார்கழி, தை மாதங்களில் எங்கள் வார்டு முழுக்க வயசானவர்கள்தான். எல்லாம் நிமோனியா. மூச்சு வாங்கிக்கொண்டு வண்டியில் வருவார்கள். பென்சிலின் ஊசி போட்டு, கஞ்சி கொடுத்து, எழுப்பி உட்கார வைத்து அனுப்புவோம். பத்து நாளில் அதே ஆள், அதே வண்டியில், அதே மூச்சிரைப்போடு திரும்பி வந்து இறங்குவார். டாக்டர் தலையில் கை வைத்துக்கொள்வார். மேட்ரன் அம்மா மட்டும் தலையில் கை வைக்காமல், வந்த ஒவ்வொருவரிடமும் வீட்டில் என்ன நடந்தது என்று விசாரித்தார்.

ஒரு வீட்டில், ஆஸ்பத்திரி வாசம் போகட்டும் என்று போன அன்றே பெரியவரை வாய்க்காலில் முக்கி எடுத்திருந்தார்கள். இன்னொரு வீட்டில் காய்ச்சல் விட்டதும் மிச்ச மாத்திரையைக் கிணற்றில் போட்டுவிட்டார்கள். மூன்றாவது வீட்டில் மாட்டுக்கும் இருமல் இருந்ததால் மாத்திரையை மாட்டுக்குக் கொடுத்திருந்தார்கள். மாடு தேறிவிட்டது. பெரியவர் திரும்பி வந்தார்.

"நோயை நாம குணமாக்குறோம். வீட்டுக்குப் போனதும் வீடு அதைத் திருப்பிக் கொண்டாந்துடுது. இனிமே யார் மாத்திரை கொடுப்பா, எங்கே படுப்பார், யார் முதுகு தட்டுவா, எல்லாம் தீர்மானம் பண்ணாம ஒருத்தரையும் வெளியே விடப் போறதில்லை. வாரம் ரெண்டு தடவை ஒரு நர்ஸ் வீட்டுக்கே போய்ப் பாக்கணும்."

அந்த நர்ஸ் நான்.

எனக்கு வாய்த்த முதல் ஆள், ஆத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பெரியவர். கத்தரியும் வெங்காயமும் போடுகிற குடும்பம். எழுபது வயதிருக்கும். மீசை மட்டும் நாற்பது வயதில் நின்றுவிட்டது மாதிரி கருகருவென்று இருந்தது. (அது சுருட்டுக் கரி என்று துடைக்கும்போதுதான் தெரிந்தது.) வந்தபோது பேச்சே இல்லை. நாலாம் நாள் பேச்சு வந்தது. அதற்குப் பிறகு வார்டில் வேறு யாருக்கும் பேச்சு வரவில்லை. ஜன்னலை யார் திறப்பது, யார் கஞ்சியில் உப்புக் குறைவு, எந்தக் கட்டிலை எங்கே போடுவது, எல்லாம் அவர் உத்தரவுதான். நிமோனியா என்ற சொல் மட்டும் அவர் வாயில் நுழையவில்லை. பார்க்க வந்தவர்களிடம் பெருமையாகச் சொல்வார்:

"நெஞ்சுக்குள்ள ஆர்மோனியமாம்லே. டாக்டரு குழாய வச்சுக் கேட்டாரு. ரெண்டு பக்கமும் பாடுதாம்!"

கூட இருந்து பார்த்துக்கொண்டவர் அவருடைய மருமகள். நாற்பத்தைந்து வயதிருக்கும். அந்த வீட்டுக்கு வாழ வந்து இருபத்தேழு வருஷம் ஆகியிருந்தது. அந்த இருபத்தேழு வருஷத்தில் மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டை ஒன்றும் இல்லை. மரியாதை. அந்தக் காலத்தில் பல வீடுகளில் அப்படித்தான். அவருக்கு ஏதாவது வேண்டும் என்றால் சுவரைப் பார்த்துச் சொல்வார்.

"ஏ செவுரே, கஞ்சி சுடுதுன்னு சொல்லு."

அந்தம்மா ஒன்றரை முழத் தூரத்தில் நின்றுகொண்டு கையிலிருக்கிற டம்ளரைப் பார்த்துச் சொல்வார்: "செத்த நேரம் பொறுக்கச் சொல்லு, ஆத்தித் தாரேன்."

நான் பக்கத்தில் இருந்தால் சுவருக்கு ஓய்வு. இரண்டு பேரும் என்னிடம் சொல்வார்கள். நான் ஒரு வார்த்தையும் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் நின்றால் போதும்.

மூன்று வாரத்தில் தேறினார். வீட்டுக்கு அனுப்புகிற நாள் மேட்ரன் அம்மா, பெரியவரின் மகன், மருமகள் இரண்டு பேரையும் கட்டிலருகில் நிறுத்தினார். அந்த வீட்டில் யாருக்கும் எழுத்து வாசனை கிடையாது. ஆகவே ஒரு அட்டையில் படமாகவே வரைந்து வைத்திருந்தார். சூரியன் உதிக்கிற படம், பக்கத்தில் ஒரு மாத்திரை. உச்சி வெயில், ஒரு மாத்திரை. நிலா, ஒரு மாத்திரை. ஒரு செம்புத் தண்ணீர். சாய்ந்து உட்கார்ந்திருக்கிற ஆள். சுருட்டின் மேல் பெரிய பெருக்கல் குறி. பெரியவர் அந்தக் கடைசிப் படத்தை மட்டும் பார்க்காத மாதிரி பார்த்தார்.

"இப்ப முக்கியமான வேலை. நெஞ்சுல தங்கின சளி வெளியே வரணும். அதுக்கு இவரைக் கட்டில் ஓரத்துல கவுத்து, தலையைத் தாழ வச்சு, முதுகுல தட்டணும். தண்ணி மொள்ற மாதிரி கையைக் குழிச்சுக்கணும். தட்டினா 'டொப் டொப்'புன்னு குதிரை நடக்கிற சத்தம் வரணும். வேளைக்கு நூறு. மூணு வேளை. யார் செய்வா?"

மகன் முன்னால் வந்தார். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை. ஒன்றே ஒன்றுதான் தட்டினார். பெரியவர் கட்டிலின் அந்தப் பக்கம் போய் விழப் பார்த்தார். நானும் பக்கத்துக் கட்டில்காரரும் பிடித்துக்கொண்டோம்.

"ஏலே, பெத்த அப்பன்லே!" என்றார் பெரியவர், மூச்சு திரும்பியதும்.

மேட்ரன் அம்மா மருமகள் பக்கம் திரும்பினார். அந்தம்மா இரண்டு கையையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார்.

"அய்யய்யோ! மாமாவைத் தொடவா? நான் மாட்டேன் தாயி. ஊரு என்னா பேசும்?"

"தொட வேண்டாம். துண்டு போட்டுத் தட்டு. துண்டைத்தானே தொடுறே?"

அந்தம்மா யோசித்தார். பெரியவரும் யோசித்தார். பிறகு பெரியவர் சுவரைப் பார்த்து, "துண்டுன்னா சரிதான்னு சொல்லு" என்றார். அப்படித்தான் முடிவானது.

நாலாம் நாள் நான் முதல் தடவையாக அந்த ஊருக்குப் போனேன். ஆத்தூர் பஸ்ஸில் போய் இறங்கி, கத்தரித் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு மைல் நடை. வெள்ளைச் சேலையில் ஒருத்தி வருவதைப் பார்த்து, யார் வீட்டில் பிரசவம் என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். பெரியவர் பெயரைச் சொன்னதும் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள்.

வீட்டுக்குள் போனதும் அட்டையைத் தேடினேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. சூரியனுக்குச் சந்தனப் பொட்டு, நிலாவுக்குக் குங்குமம், மேலே ஒரு முழம் கதம்பம். சரி, மரியாதையாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று மாத்திரையை எண்ணிப் பார்த்தேன். காலை மாத்திரை சரியாக இருந்தது. மத்தியானமும் சரி. சாயங்கால மாத்திரை மட்டும் மூன்று மிஞ்சியிருந்தது.

"ஏம்மா, இது ஏன் கொடுக்கலை?"

மருமகள் அம்மா திகைத்துப் போய் என்னைப் பார்த்தார். "நெலா வரலியே தாயி! முந்தாநாத்து அமாவாசையில்ல. நாங்களும் வாசல்ல நின்னு பாத்தோம்."

குற்றம் அவர்கள் மேல் இல்லை. நான் சிரிக்காமல் பென்சிலை எடுத்து நிலாவை அடித்துவிட்டு, பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு வரைந்தேன். விளக்கு ஏற்றியதும் மாத்திரை. அடித்த நிலாவுக்கு மேலே இருந்த குங்குமம் என் விரலில் ஒட்டிக்கொண்டது. அந்தம்மா பதறிப்போய், அதை என் நெற்றியிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அடுத்து முதுகு தட்டல். பெரியவர் குப்புறப் படுத்தார். துண்டு விரித்தார்கள். மருமகள் அம்மா கண்ணை மூடிக்கொண்டு, பூனைக் குட்டியைத் தடவுகிற மாதிரி ஒரு தட்டுத் தட்டினார். சத்தமே இல்லை. "இன்னும் கொஞ்சம்" என்றேன். வறட்டி தட்டுகிற சத்தம் வந்தது. "கையைக் குழிங்க. குதிரை, குதிரை" என்றேன். அந்தம்மா நகத்தைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம், "கும்மி மாதிரியா?" என்று கேட்டார்.

"அதேதான்!"

அவ்வளவுதான். பொண்ணாக இருந்தபோது ஊர்க் கும்மியில் முதல் ஆளாக நின்றவராம். இரண்டு கையும் தாளத்தில் விழுந்தது. டொப் டொப் டொப்பென்று குதிரை ஆத்தூரிலிருந்து திண்டுக்கல்லுக்கே கிளம்பிவிட்டது. நூறு முடிவதற்குள் பெரியவர் இருமி, சாம்பல் போட்ட கொட்டாங்கச்சியில் பாதி நிறைத்துவிட்டார். எழுந்து உட்கார்ந்து மூச்சு இழுத்துப் பார்த்தார். சுவரைப் பார்த்து, "பரவால்லன்னு சொல்லு" என்றார்.

இரண்டாம் தடவை போனபோதும் எல்லாம் ஒழுங்காக இருந்தது. மூன்றாம் தடவை போனபோது வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே குதிரை ஓடிக்கொண்டிருந்தது. கூடவே மருமகள் அம்மாவின் குரல்.

"பெரியவனுக்கு (டொப்) அம்மை போட்டிருந்தப்ப (டொப்) எங்காத்தா வீட்டுக்குப் (டொப்) போயிட்டு வாரேன்னேன். (டொப்) விட்டீகளா? (டொப்) வெஞ்சனத்துல உப்பில்லேன்னு (டொப்) செவுத்துக்கிட்டச் சொன்னீகளே (டொப்) எங்கிட்டச் சொன்னா (டொப்) வாய் என்ன சுட்டுப் போகுமா? (டொப்)"

பெரியவர் குரல் தட்டுக்குத் தட்டு நடுங்கி வந்தது. "அ-அ-அது-வந்-து-தா-யீ..."

"பேசாதீக! (டொப்) இருமுங்க! (டொப்)"

இருமினார்.

நான் செருப்பைச் சத்தமாகக் கழற்றினேன். அந்தம்மா திடுக்கிட்டுக் கையை எடுத்தார். பிறகு என்னை அடுப்படிக்குக் கூட்டிப் போய், கெஞ்சுகிற குரலில் சொன்னார்.

"மூஞ்சியைப் பாத்துப் பேசல தாயி. மாமா குப்புறக் கெடக்குறாரு. நான் முதுகோடதான் பேசுறேன். முதுகு கூடப் பேசக் கூடாதுன்னு யாரும் சொல்லலயே?"

எனக்குத் தெரிந்து யாரும் சொல்லவில்லை. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. மூச்சு எண்ணினேன், நன்றாக இருந்தது. பெரியவரிடம், தட்டும்போது ஏதாவது சிரமம் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டேன். அவர் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏத்தா, அவளுக்கு இம்புட்டுப் பேச்சு வரும்னு எனக்கு இருபத்தேழு வருசமாத் தெரியாது" என்றார். கோபமா, ஆச்சரியமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. என் காகிதத்தில் "முதுகு தட்டல்: திருப்தி" என்று எழுதிக்கொண்டு பஸ் பிடித்தேன். திட்டைப் பற்றி எழுத அந்தக் காகிதத்தில் இடம் இல்லை.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கு ஒரு தபால் கார்டு வந்தது. அந்த ஊர் நாட்டாமை யாரையோ வைத்து எழுதியிருந்தார். மேட்ரன் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எனக்கு வாசித்துக் காட்டினார்.

"தங்கள் ஆஸ்பத்திரி நர்சு சொன்னதன் பேரில் இவ்வூரில் ஒரு மருமகள் தன் மாமனாரைத் தினம் மூன்று வேளை கவிழ்த்துப் போட்டு அடித்து வருவதாகத் தெரிய வருகிறது. மேற்படி மாமனாரின் மகள் ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்து ஊரைக் கூட்டியிருக்கிறாள். மேற்படி நர்சு ஞாயிற்றுக்கிழமை காலை சாவடிக்கு வந்து பதில் சொல்லவும்."

 மேட்ரன் அம்மா கார்டை இன்னொரு தடவை வாசித்தார்.

"மூணு வேளையுமா? ஒரு வேளை கூட விடலையே. பரவாயில்லை" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவரும் என்னோடு கிளம்பினார். ஆத்தூர் பஸ்ஸில் ஒரு கூடைக் கோழிக்கும் எனக்கும் நடுவில் நெட்டுக்குத்தாக உட்கார்ந்திருந்தார். சின்னாளபட்டி தாண்டும் வரை பொறுத்தேன். அப்புறம் முடியவில்லை. உண்மையைக் கக்கிவிட்டேன்.

"அம்மா, அது வெறும் தட்டு இல்லை. அந்தம்மா திட்டிக்கிட்டே தட்டுறாங்க. நான் கேட்டேன். உங்ககிட்டச் சொல்லலை."

மேட்ரன் அம்மா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். "திட்டும்போது கை எப்படி இருக்கு? குழிஞ்சிருக்கா, விரிஞ்சிருக்கா?"

"குழிஞ்சுதான் இருக்கு."

"அப்ப சரி."

சாவடியில் ஊரே கூடியிருந்தது. நாட்டாமை பெரிய தலைப்பாகையோடு பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். கனத்த ஆள். ஒரு வாக்கியம் பேசினால் மூன்று தடவை செருமுவார். ஒரு பக்கம் மருமகள் அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கணவர் கொஞ்சம் தள்ளி, எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் ஒரு தூணுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றார். நடுவில் பெரியவர், கம்பளி போர்த்திக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி.

அந்தப் பக்கம் நின்றவர்தான் மகள். இருபது வருஷம் ஒட்டன்சத்திரத்தில் வாழ்ந்ததில் பேச்சே மாறியிருந்தது.

"ஏனுங்க, இந்த நாயத்தை நீங்களே கேளுங்க! எங்கப்பனைக் கவுத்துப் போட்டு அடிக்கறாளாமுங்க! பெத்த மவ நானு கல்லாட்ட இருக்கையில, கேக்கறதுக்கு நாதியில்லைன்னு நெனச்சுப்போட்டாளுங்களா?"

சாட்சிக்குப் பக்கத்து வீட்டுக்காரம்மா வந்தார். "நான் கண்ணால பாக்கலீங்க. செவுத்துக்கு இந்தப் பக்கம் கேட்டுச்சு. தொப்புத் தொப்புன்னு அடி. கூடவே இவ ஏச்சு. பெருசு மொனகுனாரு."

நாட்டாமை செருமிவிட்டுப் பெரியவரைக் கேட்டார். "உம்ம மருமக உம்மை அடிச்சாளா?"

"அடிச்சா."

கூட்டம் "ஆ" என்றது. மகள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"எத்தன தடவ?"

"காலையில நூறு. மத்தியானம் நூறு. சாயங்காலம் நூறு. இன்னிக்குக் காலை நூறு இன்னும் ஆகல. நீங்க கூப்ட்டு விட்டுட்டீக."

"வலிச்சுச்சா?"

பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏலே, நல்லா இருந்துச்சுலே."

மகள் ஓவென்று அழுதார். அப்பனுக்குப் புத்தி பிசகிவிட்டது, அடி தலையிலும் பட்டிருக்கிறது என்றார்.  மேட்ரன் அம்மா நிதானமாக நடந்து போய் நாட்டாமை முன்னால் நின்றார்.

"நான் வந்ததிலிருந்து நீங்க முப்பத்திநாலு தடவை செருமிட்டீங்க. எத்தனை வருஷமா இந்த இருமல்?"

நாட்டாமை செருமினார். முப்பத்தைந்து. "அது... ரெண்டு மூணு வருசமா..."

"கவுந்து படுங்க."

அந்தக் குரலுக்கு எங்கள் டாக்டரே கவிழ்ந்து படுத்திருப்பார். நாட்டாமை என்ன நடக்கிறதென்று புரிவதற்குள் பெஞ்சியில் குப்புறக் கிடந்தார், தலை பெஞ்சி ஓரத்தில் கீழே தொங்க. தலைப்பாகை அவிழ்ந்து விழுந்தது. உள்ளே முடி இல்லை என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. மேட்ரன் அம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் துண்டை விரித்துத் தட்ட ஆரம்பித்தேன்.

ஊர் முன்னால் இருமக் கூடாது என்று அவர் வைராக்கியமாக இருந்தார். இருபது, முப்பது, நாற்பது. காது சிவந்தது. கழுத்து சிவந்தது. வழுக்கையும் சிவந்தது. அறுபதாவது தட்டில் உடைந்தது. அப்படி ஓர் இருமலை நான் வார்டில் கூடக் கேட்டதில்லை. சாவடி மேலிருந்த புறா எல்லாம் பறந்தது. யாரோ ஓடிப்போய்க் கொட்டாங்கச்சி கொண்டுவந்தார்கள். அது போதவில்லை, இன்னொன்று வந்தது.

நூறு முடிந்ததும் தூக்கி உட்கார வைத்தோம். கண்ணெல்லாம் தண்ணீர். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அவர் மூச்சை இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார்.

"அடி வயிறு வரைக்கும் போகுதுப்பா" என்றார் மெதுவாக. பிறகு தலைப்பாகை ஞாபகம் வந்து எடுத்துச் சுற்றிக்கொண்டு, தீர்ப்புக் குரலில், "இது அடி இல்ல. வைத்தியம்" என்றார். செருமவில்லை.

பக்கத்து வீட்டுக்காரம்மா விடவில்லை. "தட்டுறது வைத்தியம். சரி. ஏசுறது?"

எல்லோரும் மேட்ரன் அம்மாவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இன்றோடு மருமகள் அம்மா தொலைந்தார், நானும் தொலைந்தேன். மேட்ரன் அம்மா கண்ணைக் கூட இமைக்கவில்லை.

"தட்டும்போது நோயாளி தூங்கிடக் கூடாது. அதனால பேச்சுக் கொடுத்துக்கிட்டேதான் தட்டணும்னு நாங்கதான் சொல்லி அனுப்பினோம்."

அந்த அம்மாள் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

மகளுக்குக் கோபம் பாதி இறங்கியது. மீதிப் பாதி வேறு பக்கம் திரும்பியது. "வைத்தியம்னா நானே பண்ணறனுங்க. பெத்த மவ இருக்கையில வந்தவ எதுக்குங்க?" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். பெரியவர் அடங்கிப் படுத்தார். மகள் அழுதுகொண்டே, அப்பா முதுகு நோகுமே என்று விரல் நுனியால் தொட்டுத் தொட்டு எடுத்தார். பத்துப் பதினைந்து ஆனது. பெரியவர் தலையைத் தூக்கினார்.

"என்ன தாயி, ஈ ஓட்டுறியா?"

பிறகு, சுவர் அந்தப் பக்கம் இருக்க, தூண் இந்தப் பக்கம் இருக்க, எதையும் பார்க்காமல் நேராக மருமகளைப் பார்த்துச் சொன்னார்:

"ஏத்தா, நீ வா."

 தூணுக்குப் பின்னாலிருந்த மகன் முழுசாக வெளியே வந்துவிட்டார். மருமகள் அம்மா முகம் சிவந்து போய், கணவர் விட்டுவிட்டு வந்த தூணைப் பார்த்துச் சொன்னார்: "துண்டை ஒழுங்காப் போட்டுக்கச் சொல்லு."

அன்றைக்கு அவர் ஒரு வார்த்தையும் பேசாமல்தான் தட்டினார். ஆனால் நூறு தட்டும் கும்மியாகவே விழுந்தது. கூட்டத்திலிருந்த இரண்டு கிழவிகளுக்குக் கால் தானாக ஆடியதை நான் பார்த்தேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "எப்பிடீங்க நங்கை, கைய இப்பிடியா வெச்சுக்கறது?" என்று அண்ணியைக் கேட்டுக் குழித்துக் காட்டினார். அப்புறம் பத்து நாள் ஊரிலேயே தங்கி, மத்தியான நூறைத் தனக்கென்று எடுத்துக்கொண்டார்.

நாங்கள் கிளம்ப முடியவில்லை. செருமல், இருமல், இளைப்பு என்று ஊரிலிருந்த வயசாளிகள் எல்லாம் தோளில் துண்டோடு சாவடிக்கு வந்துவிட்டார்கள். மேட்ரன் அம்மா ஒவ்வொருவரையும் குழல் வைத்துப் பார்த்து, இவர் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், இவருக்கு ஒன்றுமில்லை, இவர் சுருட்டை விட வேண்டும் என்று பிரித்தார். ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்டவர்கள் கோபித்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் ஆளுக்கு இருபது தட்டிவிட்டேன். என் இரண்டு உள்ளங்கையும் பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது. கிளம்பும்போது பெண்கள் எங்களுக்கு மல்லிகைப்பூ வைத்துவிட்டார்கள். மேட்ரன் அம்மாவுக்குக் கொண்டை தெரியாதபடி தொப்பி இருந்ததால் தொப்பியிலேயே சுற்றிவிட்டார்கள். திண்டுக்கல் வரை அப்படியேதான் வந்தார். கண்டக்டர் எதுவோ சொல்ல வாயைத் திறந்தார். மேட்ரன் அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

மாதக் கடைசியில் பெரியவர் காட்டிக்கொள்ள வந்தார். வண்டியில் அல்ல, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே. டாக்டர் முதுகிலும் நெஞ்சிலும் குழலை நகர்த்தி நகர்த்திக் கேட்டுவிட்டு, சுத்தமாக இருக்கிறது, ஒரு சத்தமும் இல்லை என்றார். பெரியவர் முகம் கொஞ்சம் வாடியது. "ஒண்ணும் பாடலியா?" என்று கேட்டார். இனி முதுகு தட்ட வேண்டியதில்லை என்றும் டாக்டர் சொல்லிவிட்டார்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. எனக்கு அடுத்த தடவை அங்கே போனபோதுதான் தெரிந்தது. தட்டல் நின்றதும் மறுபடி முகத்துக்கு முகம் ஆகிவிட்டது, பேச்சும் நின்றுவிட்டது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்திருக்கிறார் பெரியவர். மூன்றாம் நாள் மருமகள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து, பலகையை இழுத்துப் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். கொஞ்ச நேரம் கழித்து, "ம்" என்றாராம். அந்தம்மாவும் உரித்துக்கொண்டே ஆரம்பித்துவிட்டார். நான் போனபோதும் அப்படித்தான் இருந்தார்கள். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு கத்தரி நாற்றைப் பற்றிச் சொல்ல, அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு இந்த அம்மா மறுத்துப் பேசிக்கொண்டிருந்தார். பேரப்பிள்ளைகள் யாரும் அதை விசித்திரமாகப் பார்க்கவில்லை.

அதுதான் அந்த வீட்டுக்கு நான் போன கடைசி முறை. எனக்கு அன்று நல்ல ஜலதோஷம். வாரத்துக்கு ஆறு ஊர், பஸ்ஸில் ஜன்னலோரம், தோட்டத்துப் பனி. பெரியவருக்கு மூச்சு எண்ணும்போது நானே இரண்டு தடவை இருமி, எண்ணிக்கையை விட்டுவிட்டேன். மூன்றாவது தடவை இருமியதும் பெரியவர் என் கையிலிருந்த பென்சிலை வாங்கி ஓரமாக வைத்தார்.

"தாயி, கவுந்து படு."

"எனக்கு ஒண்ணுமில்லைங்க. சும்மா ஜலதோஷம்தான்."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்றாங்க. நாங்க பாக்காததா? படு."

மருமகள் அம்மா அதற்குள் துண்டு எடுத்து வந்துவிட்டார். என்னைக் கயிற்றுக் கட்டிலில் கவிழ்த்து, தலையைத் தாழ வைத்தார்கள். எத்தனையோ பேரை அப்படிக் கவிழ்த்திருக்கிறேன். யாரும் என்னைக் கவிழ்த்ததில்லை. தலைகீழாக அந்த வீட்டுத் தரையும், உரித்துப் போட்ட வெங்காயச் சருகும் மட்டும் தெரிந்தன. முதல் தட்டு விழுந்ததும் உடம்பெல்லாம் அதிர்ந்தது. நெஞ்சுக்குள் ஏதோ தளர்ந்து இறங்கியது. நன்றாகத்தான் இருந்தது.

"ஏந்தாயி (டொப்) இந்த மாதிரி வெறும் வயித்தோட (டொப்) காலங்காத்தால பஸ் ஏறி (டொப்) ஊரு ஊராப் போறியே (டொப்) உங்காத்தா கேக்க மாட்டாளா? (டொப்) கழுத்துல ஒரு துணி (டொப்) சுத்திக்கத் தெரியாதா?"

"ந-ந-நான்-வந்-து..." என்றேன்.

"பேசாத. இருமு" என்றார் பெரியவர், பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே.

நூறு முடிவதற்குள் மத்தியான பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு மூன்று மணி நேரம் இருந்தது. மிளகு ரசமும் சூடான சோறும் போட்டார்கள். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.